திட்டுவதை நிறுத்திய கம்ப்யூட்டர்

மூன்று வாரமாகக் கம்ப்யூட்டர் யாரையும் திட்டவில்லை. அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி வேறு இருக்கவில்லை.

முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று தடவையாவது திட்டு விழும். கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டர், ரத்தம் எடுக்கும் ஊசி அறையில் இன்னொன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் புது ஆளைப் பதிய ஆரம்பித்தால், இரண்டுமே கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி ஒரே எண்ணைக் காட்டும். முதலில் சேமித்தவர் தப்பித்தார். பின்னால் வந்தவருக்கு 'டிங்' என்று ஒரு சத்தம், திரை நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி: இந்த எண் ஏற்கனவே இருக்கிறது, சேமிக்க முடியாது. அப்புறம் பெயர், வயது, விலாசம் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். எதிரே நிற்கிறவர் பெருமூச்சு விடுவார். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரே 'திட்டுற பெட்டி'.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை மின்சாரம் போய்ப் போய் வந்ததில் டேட்டாபேஸ் கோப்பு கெட்டுப்போனது. அதை உயிர்ப்பித்தவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து பதிவேடு பார்க்கும் டேட்டாக்கா. கம்ப்யூட்டர் முறைப்படி படித்தவள் இல்லை. கூடத்தில் அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் என்பதால் அந்த வேலையும் பெயரும் அவள் தலையில் வந்து விழுந்தன. அவள் கை பட்டதும் கோப்பு பிழைத்தது. அன்றிலிருந்து திட்டும் நின்றது.

"மாமியார் வாயைக் கட்டிட்டீங்களேக்கா!" என்று கவுண்டர் பொண்ணு கும்பிட்டாள். "அந்த மந்திரத்தை எனக்கும் சொல்லிக் குடுங்க. எங்க வீட்ல ஒண்ணு இருக்கு."

டேட்டாக்கா சிரித்துக்கொண்டாள். ஏன் நின்றது என்று யோசிக்கவில்லை. நல்லது நடந்தால் யார் ஏனென்று கேட்கிறார்கள்?

அன்று காலை பதினொரு மணிக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கையில் ரிசல்ட் தாளோடு கவுண்டருக்கு வந்தார்.

"ஏம்மா, எனக்கு எழுபத்தொரு வயசு. சர்க்கரை இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். எனக்குக் குழந்தை பிறக்கப்போகுதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

கவுண்டர் பொண்ணு வாங்கிப் பார்த்தாள். மேலே அவர் பெயர், அவர் வயது. கீழே, கர்ப்பம் உறுதி.

"காலையிலேர்ந்து வீட்டுக்காரி என்னோட பேசறதில்ல. அப்பன் யாருன்னு சொன்னாத்தான் காபின்னு நிக்கறா."

வரிசையே குலுங்கிச் சிரித்தது. ஊசி அறையிலிருந்து எட்டிப் பார்த்த ஊசியண்ணன், "புளிப்பா ஏதாவது சாப்பிடணும்போல இருக்கா சார்?" என்றார்.

டேட்டாக்காவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அவளுக்கு ஒன்று தட்டியது. இவர் கையில் அந்தத் தாள் இருக்கிறதென்றால், கர்ப்பமாக இருக்கும் யாரோ ஒரு பெண் இந்நேரம் ஒன்றுமில்லை என்று படித்துவிட்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள்.

தபால்காரரின் எண்ணை அடித்தாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு வயது எழுபத்தொன்று. இன்னொருத்திக்கு இருபத்தாறு. இருவருக்கும் ஒரே எண்.

அது முடியாத காரியம். முடியவே கூடாத காரியம். பட்டியலின் உள்ளமைப்பைத் திறந்தாள். 'எண்' என்ற வரிக்கு இடப்பக்கம் சின்னதாக ஒரு மஞ்சள் சாவி தெரிய வேண்டும். பிரைமரி கீ என்பது அதுதான். அது இருக்கிற வரைக்கும் ஒரு எண்ணில் இரண்டு பேரை உட்கார வைக்க முடியாது. வைக்கப் பார்த்தால் பெட்டி வந்து திட்டும்.

சாவி இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

வாயைக் கட்டியது மந்திரமில்லை. வாசலில் நின்ற காவல்காரனையே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறாள்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. கெட்டுப்போன கோப்பிலிருந்து பட்டியலைப் புதுக் கோப்புக்குக் கொண்டுவந்து சேமித்தபோது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. பிரைமரி கீ எதுவும் இல்லை, இப்போது உருவாக்கவா? ஆம் என்றால் அது தானாக ஒரு புது எண் வரிசையைச் சேர்த்து அதற்குச் சாவி போட்டுவிடும். முன்பு ஒரு தடவை அப்படி ஆகி, அச்சுத் தாள்களெல்லாம் இரண்டு நாள் தாறுமாறாக வந்தன. அதனால் 'இல்லை' என்று அழுத்தினாள். பிறகு நாமே கையால் எண்ணுக்குப் போட்டுக்கொள்வோம் என்று நினைத்தாள்.

அந்தப் பிறகு வரவேயில்லை. ஏனென்றால் அன்று வெளியே பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு மாதமாக இருந்த கட்டியில் ஊசி குத்திப் பார்க்க வந்திருந்தார். அவருக்குத் தைரியம் சொல்ல அவள் நாற்காலியை விட்டு எழுந்தவள்தான்.

இப்போது சாவியைப் போட்டுப் பார்த்தாள். டிங். ஒரே எண் பலருக்கு இருப்பதால் சாவி போட முடியாது என்றது பெட்டி. மூன்று வாரம் கழித்துத் திட்டு அவளுக்கே விழுந்தது.

ஒன்றுக்கு மேல் வருகிற எண்களை மட்டும் எடுத்துக் காட்டு என்று ஒரு தேடல் எழுதி ஓட்டினாள். ஒன்பது எண்கள் வந்தன. பதினெட்டுப் பேர்.

மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். ரத்தசோகை, சர்க்கரை, சிறுநீர், கொழுப்பு. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினாள். ஏழாவதில் முதலில் அவள் கண்ணில் பட்டது பெயர் இல்லை, கைபேசி எண்தான். அவளுடைய கைபேசி எண்.

4172. கழுத்துக் கட்டி, ஊசிப் பரிசோதனை. ஆண், வயது நாற்பத்து மூன்று. முடிவு: சாதாரணக் கட்டி, பயமில்லை.

அதற்குக் கீழேயே இன்னொரு 4172. கழுத்துக் கட்டி, ஊசிப் பரிசோதனை. பெண், வயது நாற்பத்தெட்டு, தையல்காரர். முடிவு: புற்றுநோய். உடனே அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பவும்.

அவள் எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

கட்டியிலிருந்து ஊசியால் எடுத்ததை ஆளுக்கு இரண்டு கண்ணாடித் தகடுகளில் தடவி, தகட்டின் ஓரத்தில் பென்சிலால் எண்ணை மட்டும் எழுதுவார்கள். பெயர் எழுதக் கூடாது என்பது, தகட்டைப் பார்த்து முடிவு சொல்கிற டாக்டரம்மா போட்ட சட்டம். பேர் தெரிஞ்சா கண்ணு தகட்டைப் பாக்காது, ஆளைப் பாக்கும் என்பார். முடிவை ஏற்றும் திரையிலும் எண் மட்டும்தான் தெரியும். ஆக, 4172 என்று எழுதிய தகடுகள் இரண்டு ஜோடி டாக்டரம்மாவின் மேஜைக்குப் போயிருக்கின்றன. ஒரு ஜோடி நல்லது, ஒரு ஜோடி கெட்டது. யாருடையது எது என்று சொல்ல அந்தத் தகட்டில் எதுவும் இல்லை.

"இங்க வா," என்று கவுண்டர் பொண்ணைக் கூப்பிட்டாள். "ரிசல்ட் ஏத்தறப்ப ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா என்ன பண்ணுவே?"

"முதல்ல வர்றதுல போடுவேன்கா. அது ஏற்கனவே நிரம்பியிருந்தா அடுத்ததுல போடுவேன். ஒரே ஆளுக்கு ரெண்டு டெஸ்ட் போலன்னு..." பாதியில் அவளுக்கே புரிந்து கை வாய்க்குப் போனது. "ஐயோ, தப்பாக்கா?"

"உன் தப்பில்ல. போ."

ஆக, டாக்டரம்மா முதலில் பார்த்த ஜோடியின் முடிவு அவள் கணவரின் வரியில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தது தையல்காரம்மாவின் வரியில். டாக்டரம்மா அவள் கணவரின் தகட்டைத்தான் முதலில் எடுத்தாரா? எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருந்திருக்கலாம். நாணயத்தைச் சுண்டிப் போட்ட கதைதான்.

வீட்டில் அந்தத் தாள் அலமாரியில் இருக்கிறது. ரிசல்ட் வந்த அன்று அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்து, "உனக்கு விடுதலை கிடையாது, இன்னும் முப்பது வருஷம் என்னோடதான் மாரடிக்கணும்," என்றார். அத்தை, அதாவது அவருடைய அம்மா, கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். அந்த மூன்று வாரமும் வீட்டில் விளக்குக்கூடப் பிரகாசமாக எரிவதுபோல் இருந்தது.

எழுதக் கூசுகிறது என்றாலும் அவள் நினைத்ததைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது 4172க்குப் புது எண் ஒன்று கொடுத்தால் போதும். மற்ற எட்டுக்கும் அப்படியே. சாவி உட்கார்ந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. அலமாரியில் இருக்கிற தாள் நல்ல தாளாகவே இருக்கும்.

விரல் அந்த எண்ணின் மேல் போய்க்கூட நின்றது.

அப்போதுதான் தையல்காரம்மாவின் வரிக் கடைசியில் இருந்த குறிப்பைப் பார்த்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிவைத்த விவரம். அறுவைச் சிகிச்சை நாளை காலை.

நாளை காலை. ஒரு கழுத்தை நாளை அறுக்கப்போகிறார்கள். அது அறுக்க வேண்டாத கழுத்தாக இருந்தால், அறுக்க வேண்டிய கழுத்து அவள் தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் தூங்குகிறது. சும்மா இருந்தால் நல்ல தாள் மட்டும்தான் மிஞ்சும். ஆள் மிஞ்ச மாட்டார்.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார். பாதியில் எடுத்தார். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம், டாக்டர். நான்தான். சாவியைப் போட மறந்துட்டேன்."

"மறந்துட்டே." அவர் தாளை மேஜைமேல் போட்டார். "என் கையெழுத்து இருக்கு இதுல ஒவ்வொண்ணுலயும். தெரியுமில்ல?"

"தெரியும், டாக்டர்."

"அழாதே. அழறதுக்கு இப்ப நேரமில்ல. பழைய தகட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு பேரையும் கூப்பிடு. புதுசாக் குத்திப் பாத்துடலாம், ஒரு மணி நேர வேலை. அந்தம்மாவை முதல்ல."

தையல்காரம்மாவின் கைபேசி அணைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் இணைப்பைக் கொடுத்து, கடைசியில் ஒரு நர்ஸ், "அவங்களைக் காலையிலேயே சேத்தாச்சே. நாளைக்கு முதல் கேஸ் அவங்கதான்," என்றாள். டாக்டரம்மா போனைப் பிடுங்கினார்.

"நான் சொல்றவரைக்கும் அந்தக் கழுத்துல கத்தி படக் கூடாது. எழுதிக்கோ. என் பேரைப் போட்டே எழுதிக்கோ. இப்பவே ஒரு வண்டியில ஏத்தி இங்க அனுப்பு."

அடுத்தது கணவர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்; ஓடுகிற வண்டியில் இருந்துகொண்டுதான் எடுத்தார்.

"என்னம்மா? இப்ப ஒரு பல் டாக்டர் என் உயிரை வாங்கிட்டு இருக்காங்க. ஊரையே பயமுறுத்தறவங்க, ஸ்டியரிங்கைப் பாத்து நடுங்கறாங்க. மேடம், இடது பக்கம், இடது பக்கம்!"

"என்னங்க, கொஞ்சம் எங்க லேபுக்கு வர முடியுமா? இப்பவே."

அவள் குரலில் அவர் எதையோ கேட்டுக்கொண்டார். மேலே எதுவும் கேட்கவில்லை. "வரேன். இவங்க ஓட்டினா நாளைக்குத்தான் வருவேன். நானே எடுத்துட்டு வரேன்."

பத்து நிமிடத்தில் வந்தார். அவரைச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றிலும் பஞ்சுக் கட்டுகளும் காலிக் குப்பிகளும் அடுக்கியிருந்தன. எப்படிச் சொல்வது என்று அவர் வருகிறவரை யோசித்ததை மறந்துவிட்டு, வந்தபடி சொன்னாள்.

"உங்க ரிசல்ட் உங்களுதுன்னு சொல்ல முடியாதுங்க."

"அப்ப யாருது?"

"உங்களுதா இருக்கலாம். இன்னொருத்தங்களுதாவும் இருக்கலாம். ஒரே நம்பர் ரெண்டு பேருக்குப் போயிருக்கு. ஒருத்தருக்கு ஒண்ணுமில்ல. இன்னொருத்தருக்கு..."

"இருக்கு."

"ம்."

அவர் வலது கால் தரையை அழுத்தியது. சொல்லித்தருகிற வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதினைந்து வருஷப் பழக்கம். பயந்தால் எங்கே நின்றாலும் அந்தக் கால் போய் அழுத்தும். அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"யாரால இப்படி ஆச்சு?"

"என்னால."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் பஞ்சுக் கட்டு ஒன்றை எடுத்து, அது இருந்த இடத்திலேயே நேராக வைத்தார்.

"அந்த இன்னொருத்தங்க யாரு?"

"தைக்கறவங்க. நாளைக்குக் காலையில அவங்களுக்கு ஆபரேஷன் வச்சிருக்காங்க."

"ஐயோ பாவம்," என்றார். அது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஊசி அறையில் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஊசியண்ணன் இப்போது ஊசியை மட்டும் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்னால், நம்ம வீட்டு ஆளு, கவுண்டர் வரிசையில எதுக்கு நிக்கணும் என்று இந்த அறைக் கம்ப்யூட்டரில் அவள் கணவரைப் பதிந்தது ஊசியண்ணன்தான். அதே நொடியில் கவுண்டரில் தையல்காரம்மா பதிந்துகொண்டிருந்தார். நல்ல மனதால் வந்த வினை அது. "தெரியாமப் போச்சு தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குத்தினார்.

தையல்காரம்மா வந்து இறங்கியபோது மணி ஒன்றே கால். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை, கையில் நிறைந்த துணிப்பை ஒன்று. விஷயத்தைச் சொல்ல டாக்டரம்மா வாயெடுத்தார். டேட்டாக்கா முந்திக்கொண்டாள். அவளே சொல்ல வேண்டியது அது.

அந்த அம்மா துணிப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"ஒரு வாரமா என் பொண்ணுக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கக் கத்துக் குடுத்துட்டு இருக்கேன். நான் இல்லன்னா பாதியில நிக்கற துணியை யாரு முடிப்பாங்கன்னு. அவ ஊசியில நூல் கோக்கறப்ப கை நடுங்கும். நான் பாக்காத மாதிரி இருப்பேன். இது எல்லாம் ஒரு நம்பருக்காகவா?"

"ஆமாம்மா."

"உன்னை என்ன பண்ணினாத் தகும்?"

அந்த அம்மா பதிலுக்கு நிற்கவில்லை. ஊசி அறைக்குள் போகும்போது நின்று திரும்பி, "எனக்கு இல்லன்னா அந்த இன்னொருத்தருக்கு, அப்படித்தானே?" என்றார்.

"ஆமா. அவர் என் வீட்டுக்காரர்."

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இருவரும் குத்திக்கொண்டு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் அந்தத் துணிப்பை. டாக்டரம்மா கதவைச் சாத்துவதற்கு முன்னால் டேட்டாக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ இங்க நிக்காதே. போய் அதைச் சரிபண்ணு. அது சரியாகாம இந்தத் தகட்டுக்கு நான் நம்பர் போட மாட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்பு வழியாகப் பெஞ்சு தெரிந்தது. கணவரின் தோள் தெரிந்தது. முதலில் கோப்பை அப்படியே இன்னொரு பிரதி எடுத்து வைத்தாள். இந்த முறை எதையும் பிறகு என்று விடக் கூடாது. ஒன்பது ஜோடியையும் ஒவ்வொன்றாக எடுத்து, பின்னால் பதிந்தவருக்குக் கடைசி எண்ணுக்கு அடுத்து, அடுத்து என்று புது எண் கொடுத்தாள். கொடுத்ததை நோட்டில் எழுதி, பக்கத்தில் பழைய எண்ணையும் எழுதினாள். பதினெட்டுப் பேரின் முடிவுகளுக்கு எதிரே 'மறுபரிசோதனை' என்று அடித்தாள். தபால்காரருக்கு. இருபத்தாறு வயதுக்காரிக்கு. கடைசியாகத் தன் கைபேசி எண் இருந்த வரிக்கு. 'பயமில்லை' என்ற சொல்லை அழிக்கும்போது ஒவ்வோர் எழுத்தாகத்தான் அழிந்தது.

இடையில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரம்மா அவள் கணவரின் சட்டைக் கைமடிப்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாரு தைச்சது? ரெண்டு கையும் ஒரே அளவில்லையே," என்பது கண்ணாடி வழியாக லேசாகக் கேட்டது.

"என் கையே அப்படித்தாங்க. கியர் போட்டுப் போட்டு ஒண்ணு நீண்டுடுச்சு," என்றார் அவர். இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

அவருக்கு இருக்கக் கூடாது என்று வேண்டினால், அந்த அம்மாவுக்கு இருக்கட்டும் என்று வேண்டுவதாகிவிடுகிறது. எப்படித் திருப்பினாலும் வேண்டுதல் அந்தப் பெஞ்சின் இன்னொரு பக்கத்தில் போய்க் குத்தியது. வேண்டுவதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மறுபடி அதே தேடலை ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. 'எண்' என்ற வரியில் போய் நின்று சாவியை அழுத்தினாள். சேமித்தாள். மஞ்சள் சாவி வந்து உட்கார்ந்தது.

நம்பிக்கை வரவில்லை. பொய்யாக ஒரு ஆளை, ஏற்கனவே இருக்கிற எண்ணிலேயே பதிந்து பார்த்தாள்.

டிங்.

கூடம் முழுக்கக் கேட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் கவுண்டரிலிருந்து ஒரு முனகல் எழுந்திருக்கும். இன்று கவுண்டர் பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திட்டட்டும்கா. நல்லாத் திட்டட்டும்," என்றாள்.

புதுப் பதிவு இரண்டை அவளே ஏற்றினாள். தையல்காரம்மாவுக்கு 5317. கணவருக்கு 5318. எண்களைச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கு வழியாக உள்ளே கொடுத்தாள். அப்புறம் செய்ய எதுவும் இல்லை. செய்ய எதுவும் இல்லாத நேரம்தான் தாங்க முடியாதது. சுவரோரம் நின்று, பெஞ்சைப் பார்க்காமல், பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் ஒட்டியிருந்த தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்ற குறிப்பை ஏழெட்டுத் தடவை படித்தாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா கையில் இரண்டு சீட்டு.

"5317."

தையல்காரம்மா எழுந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. சாதாரணக் கட்டி. வீட்டுக்குப் போகலாம். நடந்ததுக்கு நான்தான் பொறுப்பு. எப்ப வேணும்னாலும் என்னை வந்து கேளுங்க."

அந்த அம்மா நின்றபடியே பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டார்.

அடுத்த எண்ணை டாக்டரம்மா கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையிருக்கவில்லை. டேட்டாக்காவையும் கணவரையும் பார்த்து, "ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்றார்.

உள்ளே அவர் பேசியதில் பாதி டேட்டாக்காவின் காதில் ஏறவில்லை. இந்த வகை மெதுவாக வளர்வது, மூன்று வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, எடுத்துப்போட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும் என்றார். பெரும்பாலும் என்ற சொல் மட்டும் நன்றாகக் கேட்டது. டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், இன்று சாயங்காலமே ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மற்ற சோதனைகளை நாளைக்கு முடித்துவிட்டு நாளை மறுநாள் அறுவைச் சிகிச்சையை வைத்துக்கொள்ளலாம் என்றார். தையல்காரம்மா காலையில் படுத்திருந்த அதே கட்டில்.

வெளியே வரும்போது அவள், "என்னை ஏதாவது திட்டுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"மூணு வாரம்."

"மூணு வாரம் நல்லாத் தூங்கினேன். அதையும் சேத்துத்தான் கணக்குப் பண்ணணும்." கொஞ்சம் நின்றார். "அப்புறமாத் திட்டறேன். இப்பத் திட்டத் தெம்பில்ல. அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன்."

தையல்காரம்மா இன்னும் போகவில்லை. மணிக்கட்டுப் பட்டையை ஊசியண்ணன் கத்தரித்துவிட்டிருந்தார். பெண்ணிடம் போனில் பேசி முடித்துவிட்டார் போலிருக்கிறது. முகமெல்லாம் ஈரமாக இருந்தது. அவர்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். சந்தோஷத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்தது அந்த முகம்.

துணிப்பையை எடுத்து அவள் கணவரிடம் நீட்டினார்.

"இதுல சோப்பு, துண்டு, டம்ளர், போர்வை எல்லாம் இருக்கு. எல்லாம் புதுசு, பிரிக்கவே இல்ல. நீங்க இனிமே எங்க போய் வாங்கிட்டு இருப்பீங்க. செருப்பு மட்டும் உங்களுக்குச் சேராது, எடுத்துட்டேன்."

"உங்களுக்கு வேண்டாமா?"

"எனக்கு அதைப் பாக்கவே வேண்டாம்." பிறகு டேட்டாக்காவின் பக்கம் திரும்பினார். "உன் மேல எனக்கு ஆத்திரம் தீரல. தீரவும் தீராது. ஆனா நீ பேசாம இருந்திருந்தா நாளைக்கு இந்நேரம் என் கழுத்துல தையல் இருக்கும். அது எனக்குத் தெரியும்."

அவர் போனதும் வாசல் கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. கவுண்டர் பொண்ணு யாரையோ போனில், "இன்னொரு தடவை ரத்தம் குடுக்க வரணும் சார், எங்க தப்புதான் சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றார் அவள் கணவர். பதினேழு வருஷத்தில் அவர் சொல்லி அவள் கேட்டிராததைச் சொன்னார். "பயமா இருக்கு."

"எனக்கும்ங்க."

பைக்கு இரண்டு காது. ஒன்றை அவர் பிடித்திருந்தார். மற்றதை அவள் பிடித்துக்கொண்டாள். பெரிய கனமொன்றும் இல்லை, ஒரு கையே போதும். என்றாலும் வாசல்வரை இரண்டு பேராகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.